"போதும்" என்று சொன்னவர்களுக்கு

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புடையீர்,

சி.ஏ. இறுதித் தேர்வில் தேறியதும் யார் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். முதலில் அப்பச்சி (என் தகப்பனார்), அடுத்து ஆத்தா (என் தாயார்), பிறகு சென்னையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆடிட்டர். அந்த மடலை எழுதும் நாள் வரவேயில்லை. பதினொரு முறை தேர்வு எழுதினேன். முதல் தொகுதி தேறியது, இரண்டாவது கடைசி வரை தேறவில்லை. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

இன்று நன்றி சொல்ல வந்திருப்பது வேறு ஆட்களுக்கு. "விடாதே, இன்னும் ஒரே ஒரு முறை" என்று சொன்னவர்கள் எனக்கு நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் அன்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "போதும்மா" என்று சொல்ல மனம் வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அவர்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் எந்த நிலையில் இருந்திருப்பேன் என்று நினைத்தாலே இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் வீட்டு முகப்பில், வாசல் நிலைக்கு வலப்புறம், ஒரு பித்தளை ஆணி இருக்கிறது. நான் பி.காம். முடித்த 2001இல் அப்பச்சி அடித்தது. "இதில் உன் பெயர்ப் பலகை தொங்க வேண்டும், பக்கத்தில் சி.ஏ. என்று இரண்டு எழுத்து" என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. ஆனால் பேரேடு முகப்பில் ஆண்கள் மடியிலும், பெண்கள் இரண்டாம் கட்டிலும் இருந்த வீடு. பெண் பிள்ளையின் பெயரை முகப்பில் பார்க்க ஆசைப்பட்ட தகப்பனாரை நான் எப்படிக் குறை சொல்வேன்? 2016இல் அப்பச்சி காலமானார்கள். அதற்குப் பிறகு அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் கடன் பாக்கி போல இருந்தது.

நான் முதன்முதலில் மனப்பாடம் செய்தது 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம். அது போய் 2013இல் புதுச் சட்டம் வந்தது. சேவை வரியையும் வாட் வரியையும் கரைத்துக் குடித்திருந்தேன். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அன்று இரவே புதுச் சட்டத்தைப் படித்து, அரிசி ஆலைக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள்தான் என்னைக் "கணக்கு ஆச்சி" என்று கூப்பிடத் தொடங்கியவர்கள். பழைய சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது எவ்வளவு பெரிய தவறு! ஆனால் என் வாழ்க்கைக்கு மட்டும் 2001இல் போட்ட சட்டத்தைத் திருத்தாமல் வைத்திருந்தேன்.

காலை நான்கு மணிக்குப் படிப்பு, ஆறு மணிக்கு அடுப்படி, ஒன்பதரைக்கு முகப்பு அறையில் அலுவலகம், இரவு பத்துக்கு மேல் மறுபடி படிப்பு. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாதம் 11ஆம் தேதிக்குள் ஒரு வரி ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. ஜூலை 31, செப்டம்பர் 30 என்று வருடத்துக்கு நடுவில் பெரிய கெடுக்கள். இப்படிப் பதினைந்து வருடம் போனது.

2023 செப்டம்பரில் ஒரு நாள், அயித்தைக்குப் பிடிக்குமே என்று வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்டேன். எங்கள் பக்கத்தில் அதற்கு அளவு எல்லோருக்கும் தெரியும்: ஒரு படியில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். படியில் அரிசியைத் தலைதட்டியது வரை நினைவிருக்கிறது. உளுந்து வைத்தேனா என்று தெரியவில்லை. ஏனத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன். கண்ணுக்கு எதிரே உளுந்து கிடக்கிறது. ஆனால் வைத்தேன் என்று மனம் ஒப்பவில்லை. இன்னும் ஒரு கோபுரம் அள்ளிப் போட்டேன். எண்ணெயில் ஊற்றிய பணியாரம் எண்ணெயைக் குடித்துத் தொய்ந்து போனது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல், அரை மணி நேரம் அழுதேன். மறுநாள் ஒரு ஆலையின் இருப்புக் கணக்கில் ஏழையும் எட்டையும் கூட்டக் கால்குலேட்டரைத் தேடினேன்.

அயித்தை, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் அந்தப் பணியாரத்தில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, "டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்றீர்கள். மருமகள் களைத்துப் போனதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாத மாமியார் வாய்த்தது என் பாக்கியம்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு. நீங்கள் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 8.2. "தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தச்சோகை. அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்கிறது. நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை" என்றீர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்தாமல் இன்னும் இருபது நிமிடம் பேசினீர்கள். தூங்கி எழுந்தாலும் தீராத அயர்ச்சி, செய்யும் வேலையிலேயே வெறுப்பு, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குப் 'பணிச் சோர்வு' என்று பெயர், உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதை நோய் என்று சொல்லாமல் வேலையால் வரும் நிலை என்று வகைப்படுத்தியிருக்கிறது என்று விளக்கினீர்கள். அதன் பிறகு நீங்கள் சொன்னதைத்தான் நான் என் தோழிகள் எல்லோரிடமும் சொல்கிறேன்: "அந்த வரையறை அலுவலகத்தை மட்டும்தான் வேலை செய்யும் இடமாக எண்ணுகிறது. உங்கள் அடுப்படியையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்."

ராத்திரி ஒன்றரை மணிக்கு 14416 என்ற எண்ணில் என்னோடு பேசிய முகம் தெரியாத சகோதரிக்கும் நன்றி. தூக்கம் வராதவர்கள், மனம் கனத்துக் கிடப்பவர்கள் அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். டெலி மானஸ் என்று பெயர், எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

என் கணவருக்கு. 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஒரு நாள் நான் உங்களிடம் படித்துக் காட்டினேன். நம் நாட்டில் தன் வீட்டு வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண் செலவிடுவது 88. நீங்கள் பதில் பேசவில்லை. அடுத்த நாள் காலை அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. இன்றைக்கு வரை காலைப் பலகாரம் உங்கள் பொறுப்பு. சட்னியில் உப்பு ஏறியிறங்கியதையெல்லாம் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் வளவில் உட்கார்ந்து முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி உட்கார எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் ஒரு மாதம் கை சும்மா இருக்கப் பயந்தது.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் அண்ணன் ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அந்த அக்டோபரில் 20ஆம் தேதி ரிட்டர்ன் போட முடியவில்லை என்று அழுகையோடு போன் செய்தேன். "தாமதத்துக்கு நாளுக்கு 50 ரூபாய்தானே ஆச்சி? நான் கட்டிக்கொள்கிறேன். நீங்கள் படுங்கள்" என்றார். பிறகு ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொன்னார். கண்ணாடிச் சில்லின் மேல் இரும்பு அச்சை வைத்து, அறைக்கு ஒரு நிறமாகச் சாயக் குழம்பை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கினார். ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே மணலும் சிமென்டும் கலந்த பொடியைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டினார். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. நாள் கணக்கில் அதில் ஊறிக் கிடக்க வேண்டும். "அவசரமாக ஆர்டர் வந்தால்?" என்று கேட்டேன். "இல்லை என்று சொல்லிவிடுவேன். முன்னால் எடுத்தால் கல் காரை விட்டுவிடும்" என்றார், வேலையைப் பார்த்துக்கொண்டே. அந்த வாரமே என் 43 கணக்குகளில் 17ஐ வேறு ஆட்களிடம் ஒப்படைத்தேன். "இல்லை" என்ற சொல்லை அந்த அண்ணனிடம்தான் படித்தேன்.

மகளே, உனக்கும். "அம்மா, நீங்கள் பாஸ் செய்தால் அடுத்த நாள் என்ன வேறு மாதிரி செய்வீர்கள்?" என்று கேட்டாய். உனக்கு அப்போது பதினான்கு வயது. மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் வேறு மாதிரி இல்லை என்பதுதான் பதில். அதே முகப்பு, அதே ஆலைகள், அதே 11ஆம் தேதி.

எல்லோருக்கும் மேலாக, பள்ளத்தூரில் இருக்கும் என் ஆயாவுக்கு, என் பாட்டிக்கு.

2024 தை மாதம் ஆயாவைப் பார்க்கப் போனேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டகத்தைத் திறந்து பழைய ஐந்தொகை (வருடாந்தர இருப்புநிலைக் கணக்கு) ஏடுகளை எடுத்து வைத்தார்கள். ஆயாவின் மாமனார், எங்கள் பாட்டையா, பர்மாவில் பெகு பக்கம் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர்கள். 1930களில் நெல் விலை சரிந்தபோது, கொடுத்த கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. உடுத்திய வேட்டியோடு ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா அரசு நிலங்களை தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளின் கதை இதுதான். பாட்டையா மட்டும் வருடா வருடம் ஐந்தொகை போடும்போது 'பர்மா வரவேண்டியது' என்று அதே தொகையைப் புது ஏட்டில் எடுத்தெழுதிக்கொண்டே வந்தார்கள். "அது வந்ததும் பார்த்துக்கொள்வோம்" என்று வீட்டில் ஒரு புதுத் தொழிலும் தொடங்கவில்லை. பிள்ளைகளின் மேல்படிப்பும் அந்த வரிக்காகவே காத்துக் கிடந்தது.

ஆயா என் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார்கள். மை பழுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு ஏட்டிலும் அதே வரி, அதே தொகை. கடைசி நான்கு ஏடுகளில் மட்டும் எழுத்து நடுங்கியிருந்தது. 1971இல் பாட்டையா காலமானார்கள். 1972ஆம் ஆண்டு ஏட்டில் ஆயாவின் கணவர், என் அய்யாவின் கையெழுத்து: 'பர்மா, வராக்கடன். தள்ளியது.' அதற்கு நேர் கீழே அடுத்த வரி: 'ஜவுளிக்கடை முன்பணம், ரூ. 600.'

"இதை எழுதிய அன்று உங்கள் அய்யா சாப்பிடவில்லை" என்றார்கள் ஆயா. "பெற்றவர் வைத்திருந்த வரியை அடிக்கிறோமே என்று அழுதார்கள். ஆனால் மறுநாள் ராத்திரி, கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத மாதிரி தூங்கினார்கள்." பிறகு ஏட்டை மூடிவிட்டு, "உன் பரீட்சை வரவேண்டியதா, வராததா? கணக்குத் தெரிந்தவள் நீ. நீதான் சொல்ல வேண்டும்" என்றார்கள்.

அன்று இரவு வளவில் பாய் விரித்துப் படுத்து, விடியும் வரை தூங்கினேன்.

எட்ட முடியாத இலக்கை விட்டுவிடவும், அதன் பின் வேறொன்றைப் பற்றிக்கொள்ளவும் தெரிந்தவர்களுக்கு மனம் நலமாக இருக்கிறது என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 2003இல் எழுதியிருப்பதைப் பின்னால் படித்தேன். என் அய்யாவின் ஏட்டில் அந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன.

ஊருக்கு வந்ததும் பழைய பேப்பர் எடுப்பவரைக் கூப்பிட்டேன். புத்தகம், நோட்டு எல்லாம் சேர்ந்து 41 கிலோ. தராசில் வைக்கும்போது ஒரு நோட்டை மட்டும் எடுத்து, "ஆச்சி, இதில் பெரியவர் கையெழுத்து இருக்கிறது" என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் அப்பச்சி போட்ட பிள்ளையார் சுழி. அத்தனை கட்டுக்குள்ளும் அதைக் கவனித்துக் கொடுத்த அந்தத் தம்பிக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எனக்கும் ஒரு அடுத்த வரி கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம், பனையோலையில் கொட்டான் முடையும் மகளிர் குழு ஒன்றுக்கு வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். பட்டியல் போட்டு, கூலி எவ்வளவு, ஓலை எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று அவர்களே விலை வைக்கிறார்கள் இப்போது. பதிலுக்கு எனக்கு முடையச் சொல்லித் தருகிறார்கள். என் கொட்டான் இன்னும் ஒரு பக்கம் சாய்கிறது. "பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள் ஆச்சி, ஓலைக்கு ஒன்றும் ஆகாது" என்று சிரிக்கும் அந்த எட்டுப் பேருக்கும் என் நன்றி.

இன்னும் முழுவதும் தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் வந்தால் கழுத்து இறுகுகிறது. ஹீமோகுளோபின் 11.6 ஆகியிருக்கிறது. முகப்பில் அந்த ஆணி அப்படியேதான் இருக்கிறது. மகள் சைக்கிள் சாவியை மாட்டுகிறாள்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு வருகிறது. இந்த வருடம் ஆயாவை இங்கே கூட்டி வருகிறோம். 21 நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, ஆயா கையால் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுப்பார்கள். மேலே சொன்ன ஒவ்வொருவரும் குடும்பத்தோடு வர வேண்டும். டாக்டர் அம்மா, ஆத்தங்குடி அண்ணன், கொட்டான் குழுவினர், பேப்பர்க்காரத் தம்பி, எல்லோரும். வெள்ளைப் பணியாரம் போடப் போகிறேன். உளுந்தை அயித்தை அளந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
உங்கள் கணக்கு ஆச்சி