இரண்டாம் பருவ நிறைவு குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர். தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. மதிப்பெண் பட்டியல் திங்களன்று வழங்கப்படும்.

அடுத்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் உருவப்பட ஓவியங்கள் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. ஒடுக்கப்பட்டோரிடையே பிறந்து உரிமைக்காகப் போராடிய ஒருவரைத் தேர்ந்து, அவரைப் பற்றிப் படித்த பின்னரே வரைய வேண்டும் என்பது ஓவிய ஆசிரியர் வகுத்த முறை. அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் சிவராஜ், அய்யன்காளி, சாவித்திரிபாய் புலே, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என மாணவர்களே தெரிவு செய்தனர். பாதி வரைந்த படங்களைத் தொடர் விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தவற்றுள் பலவற்றில் பெரியவர்களின் கை பட்டிருந்தது.

உதவும் எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நேர்ந்தது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய், பாடம் நடத்தச் செல்லும் வழியில் தம் மீது சாணம் வீசப்பட்டதால், மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் செல்வார். அதைப் படித்த மாணவி, சேலையின் தோள்பகுதியில் ஒரு பழுப்புக் கறையை வரைந்திருந்தார். வீட்டிலிருந்து வந்த படத்தில் கறை இல்லை. அவ்விடத்தில் ஜரிகைக் கரை ஓடுகிறது. 1893-இல் திருவிதாங்கூரில், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஏறிச் சென்ற அய்யன்காளிக்கும் இதே கதிதான். பழுப்பையும் நீலத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து, மூன்று பாடவேளை செலவிட்டு ஒரு மாணவர் கண்டடைந்த முகநிறம், ‘தோல் நிறம்’ என்று பெயர் ஒட்டிய குப்பியின் வெளிர் ரோஜாவுக்கு அடியில் மறைந்துவிட்டது. (அந்தப் பெயரை எவர் தோலைப் பார்த்து வைத்தார்களோ!)

உருவப்படம் நெடுங்காலம் மன்னர்களுக்கும் செல்வர்களுக்குமே உரியதாக இருந்தது. 1650-இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்க்கெஸ், தம்மிடம் அடிமையாக இருந்த யுவான் தெ பரேகாவை வரைந்தபோது, அவரை நிமிர்ந்து நம்மை நேராகப் பார்க்க வைத்தார். முகத்தின் பழுப்பு நிறத்தை வெளுக்கவில்லை. ஒருவரை அழகாக்குவதும் அவரைச் சிறப்பிப்பதும் ஒன்றல்ல.

ஆகவே இரண்டு முடிவுகளைத் தெளிவாகத் தெரிவிக்கிறேன். பெரியவர்கள் திருத்திய படங்கள் ஓவியக் கண்காட்சியில் இடம்பெறமாட்டா. மேலும், ‘பிள்ளைக்கு வேறு தலைவரைக் கொடுங்கள்’ என்று அலுவலகத்துக்கு வந்த கோரிக்கைகளை ஏற்பதற்கில்லை. காரணத்தை எவரும் சொல்லவில்லை, நானும் ஊகிக்க விரும்பவில்லை.

இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டாம். வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் ஓவிய அறை திறந்திருக்கும். தாளும் வண்ணமும் பள்ளியே தரும். விரும்புவோர் புதிதாக வரையலாம். வீட்டில் உதவ நினைப்பவர்கள், பிள்ளை தான் வரையும் மனிதரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டாலே போதும். 1968-இல் கீழவெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்டதையும், அதன் பின் நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தரக் கிருஷ்ணம்மாள் உழைத்ததையும் தம் மகனுக்குப் பொறுமையாக எடுத்துரைத்து, படத்தில் ஒரு கோடும் சேர்க்காமல் அனுப்பிவைத்த தந்தைக்கு என் தனிப்பட்ட நன்றி. பழைய செய்தித்தாள்களும் தூரிகைகளும் கொடுத்துதவிய அனைவருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்