கஷாயம் வேண்டாம், முருகேசா

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் தங்கச்சியும் சுகம்தானே? மழை, கிணறு, பங்காளி வழக்கு எல்லாம் நீ பதில் எழுதும்போது சொல். போனில் கூப்பிட்டால் என்னை வாய் திறக்க விடமாட்டாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ அனுப்பிய செய்தி வந்தது. நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்து வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தப் புற்றுநோய் ஓடிவிடும் என்று. கடைசியில் நாலு கும்பிடு பொம்மை வேறு. என் பேரனுக்கு இந்த நோய் வந்துவிட்டதே என்ற பதற்றத்தில் அனுப்பியிருக்கிறாய், சரி. அதை என் சம்பந்தியம்மாவுக்கும் ஏன் அனுப்பினாய்? அந்த அம்மா மாடித் தொட்டியில் இருந்த செடியை மொட்டையடித்துவிட்டு, அடுப்படியில் சட்டி தேடிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, என் மகள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் இன்னும் இரண்டு பேருக்கும் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

இதில் கூத்து என்ன தெரியுமா? பையனுக்கு ஏறுகிற மருந்துகளில் ஒன்று அந்தச் செடியிலிருந்து எடுப்பதுதான். வின்கிரிஸ்டின் என்று பெயர். நம் ஊர்ச் சுடுகாட்டு மல்லியேதான், வெள்ளாடுகூட வாய் வைக்காதே, அதே செடி. டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. வார்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை, தேடித் தேடிப் படித்தேன்.

1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் இந்த இலை இருபத்தைந்து போயிருக்கிறது. கனடாவில் ஒரு டாக்டருக்கு, அவரிடம் வைத்தியம் செய்துகொண்ட ஒருவர் அனுப்பியது. ஜமைக்காவில் சர்க்கரைக்கு இதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். (நம் பெருமாள் வாத்தியாரும் குடித்தாரே, ஒரு கையில் டம்ளர், மறு கையில் ஜிலேபி!) அந்த டாக்டர் தன் தம்பி ராபர்ட் நோபிளிடம் இலைகளைக் கொடுத்தார். தம்பி ஆராய்ச்சியாளர். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் எலிகள் செத்தன. ஏன் என்று பார்த்தால், ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்து கிருமித் தொற்று வந்திருக்கிறது. வேறு ஆளாக இருந்தால் விஷம் என்று குப்பையில் போட்டிருப்பார். வெள்ளணு தறிகெட்டுப் பெருகுகிற நோய்க்கு இது உதவுமே என்று அவருக்குத் தோன்றியது. சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் வந்து சேர, வின்கிரிஸ்டினுக்கு அக்கா மாதிரியான வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியும் தனியாக இதே செடியைத் தோண்டிக்கொண்டிருந்தது. அங்கே கிடைத்ததுதான் பையனுக்கு ஏறுகிற வின்கிரிஸ்டின். 1963இல் அங்கே அனுமதி கிடைத்தது. 1950களில் இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை, முருகேசா. இன்று நல்ல வைத்தியம் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இதோடு வேறு மருந்துகளும் சேர்ந்துதான்.

ஆக, எலிக்கே வாய்வழியாகக் கொடுத்து வேலை நடக்கவில்லை. அப்புறம் அளவைப் பார். ஒரு டன் காய்ந்த இலையைக் கசக்கிப் பிழிந்தாலும் இந்த மருந்து சில கிராமுக்கு மேல் தேறாது. பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு இரண்டு மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள். சட்டியில் கொதிக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த இலையில் ஆல்கலாய்டு என்கிற வீரியமான சரக்குகள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. மருந்துகளால் வெள்ளணு குறைந்து ஏற்கெனவே தரையில் கிடக்கிற பிள்ளைக்கு அதையா ஊற்றுவது?

மருந்து ஏற்றுகிற நர்ஸம்மாவை நீ பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி தெளிவாக ஒரு சின்னப் பை. பெயரையும் அளவையும் இன்னொரு நர்ஸிடம் உரக்கப் படித்துக் காட்டுவார். குழாயில் ரத்தம் திரும்ப வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். தவறிப்போய் முதுகுத் தண்டில் போட்டால் உயிருக்கே உலை. அந்தப் பை முடிகிற வரை என் மகள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

செல் இரண்டாகப் பிரிவதற்கு உள்ளே நுண்குழாய்கள் வேண்டும், அவற்றை இது கட்டவிடாது. நரம்புக்கும் அதே குழாய்கள் வேண்டும் என்பதால் பையனுக்குப் பாதம் மரத்துப்போகிறது. வயிறு போகாமல் அழுகிறான். நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டுகிறது. மருந்து நின்றால் சரியாகும் என்கிறார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. இதை வீட்டில் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்கிறேன்.

இன்னொரு வயிற்றெரிச்சல். நம் தெற்குச் சீமை மானாவாரிக் காட்டில் இதைப் பயிராகவே போடுகிறார்களே, உன் மச்சினன்கூடப் போட்டானே. இலையும் வேரும் மூட்டை கட்டி வியாபாரியிடம் போகும், அது எந்தப் பிள்ளையின் ரத்தத்தில் ஏறுகிறது என்று போட்டவனுக்குத் தெரியாது. மருந்துக் கம்பெனிக்கும் இவன் யார் என்று தெரியாது. 2019இல் அமெரிக்காவிலேயே இந்த மருந்து தட்டுப்பாடாகிப் பிள்ளைகளின் பெற்றோர் தவித்துப்போனார்கள். 2022இல் ஈஸ்ட்டுக்குள் இந்தச் செடியின் ஜீன்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கான இரண்டு மூலப்பொருளையும் செய்துகாட்டிவிட்டார்கள். அது தொழிற்சாலைக்கு வந்தால் மருந்துக்குப் பஞ்சம் இருக்காது. உன் மச்சினன் வேறு பயிர் பார்க்க வேண்டியதுதான்.

சரி, இப்போது உனக்கு மூன்று வேலை. செய்தியை யார் யாருக்கு அனுப்பினாயோ, அத்தனை பேருக்கும் வேண்டாம் என்று சொல். சம்பந்தியம்மாவுக்கு நீயே போன் போடு, நான் சொன்னால் எடுபடாது. உன் மகனுக்கு ஓ பாசிடிவ் என்று ஞாபகம். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்க ஆள் தேவைப்படுகிறது, அடுத்த வாரம் வர முடியுமா என்று கேட்டுச் சொல். நீயும் கூட வா. சளி இருந்தால் வராதே. பூ, பழம், திருநீறு எதுவும் கொண்டுவராதே, வார்டில் விடமாட்டார்கள். சீட்டுக்கட்டு மட்டும் எடுத்து வா. பையன் கழுதை ஆட்டத்தில் என்னைத் தினமும் தோற்கடிக்கிறான்.

உன்,
சுந்தரம்