பாப்பாவின் பள்ளி விண்ணப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் உன் போனே இல்லை. மருமகள்தான் பேசுகிறாள், உனக்கு வேலை அதிகம் என்கிறாள். சரி.

பாப்பாவின் பள்ளி விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தை நீ காலியாக விட்டது பெரியப்பா வீடு வரைக்கும் போய்விட்டது. மருமகள் வேளாங்கண்ணிக்காரி, அதனால் நீயும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாய் என்கிறார் அவர். பெரிய அத்தையோ, கருப்புச் சட்டை போட்டுவிட்டான் என்கிறாள். தங்கச்சி பிள்ளை போனதிலிருந்து உனக்குச் சாமி மேல் கோபம், நாளானால் தணிந்துவிடும் என்பது சித்தப்பா கட்சி. மூன்றும் தப்பு. கோபித்துக்கொள்ள அங்கே ஒருவர் இருக்கிறார் என்று நினைப்பவனுக்குத்தானே கோபம் வரும்? பிளஸ் டூ படிக்கும்போது வைத்தீஸ்வரன் கோயில் வாசலில் எங்கள் செருப்புகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்கு உள்ளே ஒண்ணும் தோணல" என்றாயே, அந்தக் குரலில் கோபமே இல்லை. அதற்கெல்லாம் ரொம்பக் காலம் கழித்துத்தான் தங்கச்சி வீட்டில் அப்படி நடந்தது.

பெரியப்பாவிடம் கோராவைப் பற்றிச் சொன்னேன். விஜயவாடாவில் நாத்திக மையம் நடத்தியவர், காந்தியோடு பழகியவர். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனுக்கும் 1948-இல் சேவாகிராம ஆசிரமத்திலேயே கல்யாணம் நடந்தது. காந்தி முன்பே சம்மதித்திருந்தபடி, கடவுள் பேருக்குப் பதில் சத்தியத்தின் பேரில் உறுதிமொழி. "அப்போ நாத்திகமும் ஒரு மதம்தான்" என்றார் பெரியப்பா. கோயில் இல்லை, வேதம் இல்லை, பூசை இல்லை, இதில் மதம் எங்கே என்று கேட்டேன். பதில் வரவில்லை. நம் பிள்ளைக்காக நான் அப்படிப் பேசியதில் அம்மாவுக்குப் பெருமை.

ஆனால் இதையெல்லாம் நீ அல்லவா சொல்ல வேண்டும்? வாயே திறக்காமல் இருந்தால் அவர்கள் வைத்ததுதான் உனக்குப் பேர்.

வக்கீலிடமும் கேட்டேன். பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் போடாமல் விடலாம் என்று 1973-இலேயே தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. அதே சமயம், 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்களைப் பெரும்பாலும் இந்துக் கணக்கில்தான் வைக்கிறது. சாமி கும்பிடுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. எப்படியானாலும் உன் சாதிச் சான்றிதழ் ஒரிஜினலைப் பத்திரமாக வை. பாப்பாவுக்கு நாளைக்குத் தேவைப்படும்.

நேரு 1954-இல் எழுதிய உயிலில், தனக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 1964-இல் சடங்கோடுதான் தகனம் செய்தார்கள். அவர் விருப்பத்தை மதித்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். நம்பிக்கை உள்ளவனுக்கும் அப்படி ஒரு விருப்பம் இருக்கும் இல்லையா? இதை எழுத நான் உட்காரவில்லை தம்பி. ராத்திரி அம்மாதான் கேட்டாள், "அவன் செய்வானா?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. நீ நம்பிச் செய்ய வேண்டாம், மந்திரமும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும், மீதியை ஐயர் பார்த்துக்கொள்வார். சான்றிதழை மறந்துவிடாதே, லேமினேஷன் மட்டும் போடாதே.

முடியாது என்றாலும் சொல்லிவிடு, திட்ட மாட்டேன். மருமகளிடம் சொல்லி அனுப்பாமல் நீயே பேசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா