செயலாளரின் ஆண்டறிக்கை: வெளிநாட்டுத் தெருக் குழந்தைகள் உதவி நிதி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. உலகத் தெருக் குழந்தைகள் நாளான ஏப்ரல் 12 அன்று உண்டியல் வசூல் நடந்தது. நிதி திரட்டும் நடைப்பயணம் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போய், நல்லபடியாக முடிந்தது. பழைய துணி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். சுங்கத்திலும் கிடங்கிலும் ஆகும் செலவுக்கு அங்கேயே புதுத்துணி வாங்கிக் கொடுக்கலாம்.

அப்புறம் படங்கள் விஷயம். "பணம் போகிறதே, குழந்தைகளின் படம் ஏன் வருவதில்லை?" என்று ஆண்டு முழுக்கக் கேட்டார்கள். சிலர் அதையே காரணமாகச் சொல்லி மாதத் தொகையை நிறுத்திவிட்டார்கள். எனவே இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

படம் அனுப்ப வேண்டாம் என்று, நம் பணத்தைப் பெற்று அங்கே வேலை செய்பவர்களுக்கு எழுதியது நான்தான். போன ஆண்டு ஒரு படம் வந்தது, நினைவிருக்கும். ஏழெட்டு வயதுச் சிறுமி, கையில் 'நன்றி' என்று எழுதிய அட்டை. எழுத்து பெரியவர் யாரோ எழுதியது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. சரியாகப் பிடித்திருக்கிறோமா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறாள். அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நான்தான், கழற்றியதும் நான்தான். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் தெருவில் நிறையப் பேர். முகமும் இடமும் வெளியே தெரிந்தால், யாருக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அவர்களே தேடி வரலாம். குழந்தையின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 16ஆம் பிரிவில் சொல்கிறது. நாம் பணம் கொடுப்பதால் அந்த உரிமை இல்லாமல் போகாது.

நம் பெயரில் ஒரு குழந்தைகள் இல்லம் கட்டலாம் என்ற யோசனையும் வந்தது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். முதலில் குடும்பத்தோடு சேர்க்கப் பாருங்கள், இல்லம் கடைசி வழியாக இருக்கட்டும் என்பதுதான் 2009இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகளின் சாரம். அதனால் நம் பணம் இரண்டு வேலைக்குப் போகிறது. ஒன்று, தெருவிலேயே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பழகும் பணியாளர்களின் சம்பளம். மற்றொன்று, பிறப்புப் பதிவு. அந்தத் தாள் இல்லாவிட்டால் பள்ளியில் சேர்ப்பதே பெரும் பாடு. காவலர் பிடித்துக்கொண்டு போனால், தான் சிறுவன் என்று நிரூபிக்கக்கூட வழியில்லை. ஒரு சான்றிதழுக்காகப் பணியாளர் அலுவலகத்துக்கு நாலைந்து தடவை நடக்கிறார். அதைப் படம் பிடித்து அனுப்ப முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். வரவு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. வங்கிக் கட்டணமும் நாணய மாற்றுச் செலவும் போக, மீதி முழுவதும் அனுப்பியாகிவிட்டது.

வரவு குறைந்ததற்கு முக்கியக் காரணம் நிலுவை. அரையாண்டுக் கூட்டத்துக்கு நாற்பது நாற்காலி போட்டோம், ஒன்பது பேர் வந்தோம். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லாமல் ஒத்திவைத்தோம். வராதவர்களில் பலர் மாதத் தொகை தருவதாகக் கையெழுத்திட்டவர்கள். அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் நான் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தை நம்பித்தான் அங்கே ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். தெருவில் இருக்கும் பிள்ளை தன் உண்மையான பெயரைச் சொல்லவே மாதக்கணக்கில் ஆகும். சொன்ன பிறகு சம்பளம் இல்லாமல் அந்தப் பணியாளர் போய்விட்டால், நம்பிய ஒரு பெரியவர் மறுபடியும் விட்டுப்போனதாகத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். இதை நினைத்துத் தூங்காத இரவுகள் உண்டு.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கணக்கைச் சரிபார்த்துத் தந்த தணிக்கையாளருக்கும், மழையிலும் துண்டறிக்கை கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குப் புதுத் திட்டம் எதுவும் வைக்கவில்லை. இப்போதிருக்கும் பணியாளரைத் தக்கவைத்தால் போதும். முதல் காலாண்டுச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, இரண்டாவதற்கு இன்னும் இல்லை. சந்தா நோட்டு வாசலருகே மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நானும் பொருளாளரும் அரை மணி நேரம் அங்கேயே இருப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்