குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் நகர்க் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டாவது குறுக்குத் தெருவில் மழைநீர் வடிகால் தூர் வாரப்பட்டது. பொங்கல் விழா நடந்தது. கோலப்போட்டி முடிவில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. சந்தா பாக்கி யார் யாருக்கு என்பது அவரவருக்கே தெரியும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி நேரம் வடநெம்மேலி முதலைப் பண்ணைச் சுற்றுலாவுக்கு. அங்கே பாம்புகளும் உண்டு. செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "காசு குடுத்துப் பாம்பு பாக்கணுமா? நம்ம காலி மனையிலயே கெடக்கே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் சொன்ன காரணத்துக்காகவே போகவேண்டும் என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டோம். ஏரிக்கரை வீடுகளுக்குள் மழைக்காலத்தில் பாம்பு வருவதும், கம்போடு ஆள் கூடுவதும் நமக்குப் புதிதில்லை.

மழைக்கு முன்பே, ஆவணியில், வேன் வைத்துப் போனோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கிறது பண்ணை. கிண்டி பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர்தான் 1976இல் இதையும் தொடங்கினார். தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அருகிப்போன காலம் அது. இங்கே முட்டை பொரிக்கவைத்து வளர்த்து ஆறுகளில் திரும்ப விடுவது நோக்கம். சதுப்புநில முதலைகள் நன்றாகவே பெருகின. ஆனால் அவற்றைக் கொண்டுபோய் விட ஆற்றில்தான் இடம் குறைந்துவிட்டது. அதனால்தான் தொட்டிக்குத் தொட்டி அத்தனை முதலைகள்.

அவை வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பதைப் பார்த்து, பொம்மையா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான் அப்படி. கங்கை, சம்பல் பக்கத்துக் கரியல் முதலைகளும் இருந்தன; மெலிந்து நீண்ட வாய், மீன்தான் உணவு. முதலைக் குட்டி ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் குழியின் சூடே தீர்மானிக்கிறது. 32 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆண் அதிகம், நன்றாகக் குறைந்தால் பெண். இதைக் கேட்ட நம் மூன்றாவது தெருப் பாட்டி, "அப்போ அங்க மருமகளைக் குத்தம் சொல்ல வழியில்லை" என்றார். அன்றைக்கு அதிகம் சிரித்தது அதற்குத்தான்.

பண்ணைக்குள்ளேயே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு போன இருளர் பழங்குடியினருக்காக 1978இல் அமைந்தது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்து, வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைத்திருக்கிறார்கள். சில வாரங்கள் விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பதுதான் நமக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ வாங்கியதை நம்மில் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான்.

சாரைதான் நல்ல பாம்பின் ஆண் என்ற பேச்சும் அங்கே அடிபட்டது. சாரை வேறு இனம். பின்னிக்கொண்டு எழும்பும் இரண்டு சாரைகளும் பெரும்பாலும் மல்லுக்கட்டும் ஆண்கள்தான். மூத்த உறுப்பினர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எல்லாரும் கவனிக்க வேண்டியது கட்டுவிரியனை. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, பல் தடமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவு என்று தொடங்கும். அஜீரணம் என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. எந்தப் பாம்பு கடித்தாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் நம் மாநிலத்தில் உத்தரவும் வந்திருக்கிறது.

சரி, போய்வந்து என்ன பயன்? ஐப்பசியில் ஏரிக்கரை வீடு ஒன்றில் வெள்ளை வரி போட்ட பாம்பு வந்தபோது கம்பு எடுக்காமல், கதவைச் சாத்திவிட்டு எனக்கு போன் செய்தார்கள். பாம்பு பிடிப்பவர் வந்து பார்த்து, கட்டுவிரியன் போலவே இருக்கும் வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது என்று சொல்லி எடுத்துப்போனார். பல்லி தேடி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அவருடைய எண்ணும் வனத்துறை எண்ணும் இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. அவருக்குப் பெட்ரோல் செலவாவது சங்கம் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

இனி பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு: ஏரிப்பக்கக் காலி மனையில் குவிந்திருக்கும் உடைந்த செங்கற்களையும் ஓடுகளையும் மழைக்கு முன் அகற்ற வேண்டும். எலி அங்கேதான் குடியிருக்கிறது, பாம்பு அதன் பின்னால் வருகிறது. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லிவிட்டார். மீதிப் பாதியும், அந்தத் தெருமுனைக்கு ஒரு விளக்கும் சங்க நிதியிலிருந்து செய்ய அனுமதி கேட்கிறேன். அடுத்த சுற்றுலா வண்டலூருக்கா என்பதைப் புதிய செயற்குழு முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்