காய்ச்சல் விட்ட பிறகு

அன்புள்ள விஜயா,

உன் மகள் நர்சிங்கில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வார்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டெங்கு வந்தால் டாக்டர்தானே பார்க்கிறார், நர்சுக்கு என்ன வேலை என்று கேட்டாளாமே? அவளிடம் இதைப் படித்துக் காட்டு.

இங்கே வடசென்னையில் மழை பிடித்துக்கொண்டது. கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் காய்ச்சலோடு வருகிறார்கள். எல்லோரும் சாக்கடையைத்தான் திட்டுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கோ வீட்டு டிரம்மில் இருக்கிற நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இங்கே எப்படிக் காலம் தள்ளுவது? அதனால் டிரம்மை மூடி வையுங்கள், வாரம் ஒரு முறை உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள் என்று சுகாதார செவிலியர்கள் தெருத்தெருவாகச் சொல்லிப் போகிறார்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும்.

வார்டில் பெரிய தலைவலி காய்ச்சல் விடுகிற நாள்தான். "சூடு இறங்கிடுச்சு சிஸ்டர், வீட்டுக்கு அனுப்புங்க" என்று பையைக் கட்டி வைத்திருப்பார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியலாம். சொந்தக்காரர்கள் பிளேட்லெட் எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள். நாங்கள் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பார்ப்போம்; நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அது ஏறும். பி.பி. 100/80 என்றால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கிவிட்டதே, அது ஆபத்தின் அறிகுறி! கை கால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைகிறதா, வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா? டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது? டிரிப்ஸ் வேகமும் எங்கள் கண்ணில்தான். குறைந்தால் ரத்த ஓட்டம் குறைந்து ஷாக், கூடினால் நுரையீரலில் நீர்.

பப்பாளி இலைச் சாறு கொண்டுவருகிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் மெடிக்கலில் வாங்கிய புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பார்த்தால் பிடுங்கிவிடுவேன், ரத்தக்கசிவுக்கு அது வழிவிடும். பாரசிட்டமால் போதும். பகலில் கொசுவலை கட்டச் சொன்னால் சிரிக்கிறார்கள்! பகலில் கடிக்கிற கொசு, நோயாளியைக் கடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொண்டுபோய்விடுமே.

மெஷினை மட்டும் நம்பாமல், ஸ்டெத் வைத்துக் காதால் கேட்டு பி.பி. எடுக்க அவளை இப்போதே பழகச் சொல். பொங்கல் லீவுக்கு இரண்டு பேரும் வாருங்கள், காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
சாந்தி