குறைவு என்றே எழுதச் சொன்னேன்

லிலோங்வே, மலாவி
21 ஜனவரி 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் தினமும் பேசிவிடுகிறேன். உங்கள் கையில் போன் வந்தால் "என்னத்தா, சாப்பிட்டியா? சரி, அம்மாட்ட குடுக்குறேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கண் ஆபரேஷனுக்கு அரவிந்தில் தேதி வாங்கியாயிற்றா? "அடுத்த மாசம் பாப்போம்" என்று இரண்டு பொங்கலைக் கடத்திவிட்டீர்கள்.

இங்கேயும் பொங்கலன்று விடுமுறைதான். நமக்காக இல்லை. ஜனவரி 15 இவர்களுக்குச் சிலெம்ப்வே நாள். 1915ல் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளம்பிய பாதிரியார் அவர், 500 குவாச்சா நோட்டில் படம் இருக்கிறது. விடுமுறை கிடைத்ததே என்று கரி அடுப்பில் பொங்கல் வைத்தேன். வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ப் பழுப்புச் சர்க்கரை. பால் பொங்கியது, நானும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நாலு பேரும் குலவை போட்டோம். என்னை விட அவர்கள் நன்றாகவே போட்டார்கள், இங்கே சந்தோஷம் என்றால் பெண்கள் அப்படித்தான் நாக்கைச் சுழற்றிச் சத்தம் எழுப்புகிறார்கள். நீங்கள் அப்போது அவனியாபுரம் வாடிவாசலை டிவியில் பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். நமக்கும் இவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம்.

சித்தப்பா கேட்டாராமே, "சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணும், இங்க கீழமாசி வீதியில சும்மா கணக்கு எழுதிக் குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறாங்க" என்று. நியாயமான கேள்விதான். முதலில், சும்மா இல்லை. வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தருகிறார்கள், மிச்சம் பிடிக்கத்தான் முடியாது. ஐக்கிய நாடுகள் சபையே 1971லிருந்து இப்படித் தன்னார்வலர்களை அனுப்புகிறது. டாக்டர், நர்ஸ், டீச்சர் என்றால் ஊர் புரிந்துகொள்கிறது. கணக்குப்பிள்ளை என்றால்தான் சிரிப்பு வருகிறது.

ஆனால் அப்பா, இந்தத் தொண்டு நிறுவனங்களில் கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் தரத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை. கிணறு வெட்டப் பணம் தருவார்கள், கிணற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தின் முன் நின்று யார் படம் எடுப்பார்? நம் நாட்டில் வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனங்கள் அதில் பாதிவரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்று இருந்ததை, 2020ல் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதம் ஆக்கினார்கள். அந்த வருஷம் மதுரையில் நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அது கொடுப்பவரைப் பொறுத்தது. சிலர் 10 சதவீதம் தருவார்கள், வேறு சிலர் அதற்கும் கீழே. அந்தக் கொஞ்சத்தில்தான் ஆபீஸ் வாடகை, கரண்ட், காசாளர், காவலாளி எல்லாம். தேர்ந்த கணக்காளரை வைக்க அதில் எங்கே இடம்? அதனால்தான் என் போன்றவர்களைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வருஷம் இருந்து பட்ஜெட் போடவும், மாதாமாதம் போட்டதையும் செலவானதையும் ஒப்பிடவும், கொடுத்தவர்களுக்கு அறிக்கை எழுதவும் இங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டுப் போக வேண்டும். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

வேலை உங்களுக்குப் புதிதே இல்லை. நீங்கள் கணக்கு எழுதிய கமிஷன் கடையில் விவசாயியின் வத்தல் விற்ற பணம் கல்லாவில் கிடக்கும். கல்லா முதலாளியுடையது, பணம் அவருடையது இல்லை. கமிஷன் மட்டும்தான் அவருக்கு, மீதி பட்டுவாடா ஆகும்வரை அடுத்தவன் காசு. இங்கேயும் அதே கதைதான். கைபம்புக்கு ஒருவர் தந்தது, சத்துணவுக்கு இன்னொருவர் தந்தது, விதைக்கு வேறொருவர் தந்தது. எல்லாம் ஒரே பேங்கில்தான் இருக்கும், ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக்கூடாது. இதை இங்கே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீங்கள் அந்தச் சாய்வு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே கற்றுக்கொண்டீர்கள்.

இனி நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த நாட்டுக் காசின் பெயர் குவாச்சா, அவர்கள் மொழியில் 'விடிந்தது' என்று அர்த்தம். எங்களுக்கு அன்று விடிந்த விதம் வேறு. 2023 நவம்பரில் ஒரே நாளில், டாலருக்கு 1,180 குவாச்சா என்றிருந்ததை 1,700 ஆக்கிவிட்டார்கள். முந்தின வாரம் 1,000 டாலரை மாற்றி 11,80,000 குவாச்சாவாகப் பேங்கில் வைத்திருந்தால், விடிந்து பார்க்கும்போது அதன் மதிப்பு 694 டாலர்தான். ஒருத்தரும் திருடவில்லை, ஒரு வவுச்சரும் தொலையவில்லை. ஆறு ஊருக்குக் கைபம்பு போடப் பணத்தை மாற்றி வைத்திருந்தோம். விலைப்புள்ளி கொடுத்த கடைக்காரர் அன்று மத்தியானமே போன் செய்து, "அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள், குழாய் வெளிநாட்டிலிருந்து வருகிறது" என்றார். புது விலைக்குப் போட்டுப் பார்த்தால் நாலு ஊருக்குத்தான் காணும்.

எந்த இரண்டு ஊரை அடிப்பது? எக்செல் தாளில் இரண்டு வரிதான், அழித்தால் அழிந்துவிடும். அந்த ஊர்களில் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே பெண்கள் ஓடையில் மணலைத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டை மாதிரி ஒன்றில் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். வைகையில் தண்ணீர் வராத வருஷங்களில் நாம் ஊற்றுத் தோண்டியது போலவே.

ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. மாற்றி வைத்த பணத்தில்தான் நஷ்டம். அடுத்த தவணை இனிமேல்தான் டாலரில் வர வேண்டும். அது வந்தால் அதே டாலருக்குக் கூடுதல் குவாச்சா கிடைக்கும், ஆனால் உள்ளூர்க் கூலியும் வாடகையும் அந்த அளவுக்கு இன்னும் ஏறவில்லை. இந்தக் கை எடுத்ததை அந்தக் கை கொஞ்சம் திருப்பித் தருகிறது! ஆனால் அந்த மிச்சத்தை நாமாகக் குழாய்க்குத் திருப்ப முடியாது. பட்ஜெட்டைத் திருத்தி எழுதி, ஏன் எதற்கு என்று வரிக்கு வரி விளக்கி, கொடுத்தவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒன்பது பக்கம் எழுதினேன். போன வாரம் சரி என்று பதில் வந்துவிட்டது. ஐந்தாவது ஊருக்கு உறுதி, ஆறாவது ஊருக்கு மழைக்காலம் முடிந்த பிறகு.

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் காசாளருக்கு 24 வயது. கூச்ச சுபாவம், முத்து முத்தான கையெழுத்து. சில்லறைச் செலவுக்கு அவரிடம் 1,50,000 குவாச்சா இருக்கும். நான் வந்து மூன்று வாரமும் அவருடைய கையிருப்பு ஒரு குவாச்சா பிசகாமல் இருந்தது. எனக்குச் சந்தேகமே அதில்தான் வந்தது. மினிபஸ்ஸுக்கு ரசீது கிடையாது, சந்தையில் சில்லறை கிடையாது, அப்புறம் எப்படித் தினமும் நேராகும்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணச் சொன்னேன். 3,500 குறைந்தது. அவர் ஒன்றும் பேசாமல் பின்பாக்கெட்டிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து அடியில் வைத்துவிட்டு, "மேடம், இப்போது சரி" என்றார். மாதக்கணக்காக அப்படித்தானாம். வேலை போய்விடும் என்ற பயம்.

எனக்கு நம் கடை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆறாவது படிக்கும்போது, ராத்திரி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வந்தேனே, அந்த ராத்திரி. 17 ரூபாய் குறைந்தது. "விடுய்யா, கையிலேர்ந்து போட்டு முடிச்சிரு" என்றார் முதலாளி. நீங்கள் சிவப்பு மையில் 'குறைவு ரூ. 17' என்று எழுதிவிட்டு, "இன்னைக்குப் போட்டு மூடிட்டா, நாளைக்கு எங்க போச்சுன்னு தேட ஆள் இருக்காது முதலாளி" என்றீர்கள். இட்லி ஆறிப்போன கோபத்தில் அம்மா வீடு வந்து சேரும்வரை உங்களோடு பேசவில்லை.

அந்தக் காசாளர் தம்பியிடம் சொன்னேன், பணத்தைப் பாக்கெட்டில் வையுங்கள், குறைவு என்றே எழுதுங்கள், நான் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வாரம் எழுதும்போது கை நடுங்கியது. நாலு வாரம் எழுதிய பிறகு தாளை விரித்துப் பார்த்தோம். குறைவு எல்லா நாளும் வரவில்லை. கிராமத்துக்குப் போகும் ஊழியர்களுக்குப் போன் வழியாகப் பணம் அனுப்பும் நாட்களில் மட்டும் வந்தது. அந்தப் பணத்தை ஏஜெண்டிடம் ரொக்கமாக எடுக்கக் கட்டணம் உண்டு. ஊழியர் தன் கையில் வந்ததற்குத்தான் கையெழுத்துப் போடுவார். கட்டணத்தை ஈடுகட்ட இந்தப் பையன் சேர்த்து அனுப்புவார், அதற்கு வவுச்சர் இல்லை, பட்ஜெட்டில் அப்படி ஒரு தலைப்பே இல்லை. ஆக, பட்ஜெட் போட்டவரின் மறதிக்கு மாதாமாதம் தண்டம் கட்டியது இந்தப் பையனின் சம்பளம். புது பட்ஜெட்டில் 'பணம் எடுக்கும் கட்டணம்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அவர் போட்ட பழைய பணத்தைத் திருப்பித் தரத்தான் வழி தெரியவில்லை, எழுதாத கணக்குக்கு எதைக் காட்டிக் கொடுப்பது?

எல்லாம் ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் நிர்வாகச் செலவுப் பணம் வரத் தாமதமானது. கைபம்புக் கணக்கில் பணம் கிடந்தது. "பத்து நாளைக்கு அதிலிருந்து எடுத்துச் சம்பளம் போட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிடலாமே" என்று மேலே உள்ளவர்கள் கேட்டார்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது நாள் தாமதமாகத்தான் சம்பளம் வந்தது. இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம், பழைய மக்காச்சோளம் தீர்ந்துபோய்ப் புதுசு இன்னும் வயலில் நிற்கும் சமயம். டிசம்பரிலேயே விலை ஏறத் தொடங்கிவிடும். எங்கள் காவலாளிக்கு ஐந்து பிள்ளைகள். அந்த ஒன்பது நாளும் கேட்டைத் திறந்துவிட்டார், வணக்கம் மட்டும் சொல்லவில்லை. என் செலவுப் பணம் வேறு இடத்திலிருந்து வருவதால் எனக்கு ஒரு வேளைகூடக் குறையவில்லை. விதிப்படி நான் செய்தது சரிதான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அந்த ஒன்பது ராத்திரியும் யோசித்தேன்.

அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம். டெட்சா போகும் ரோட்டில் ஒரு ஊர், அங்கே பெண்கள் சேமிப்புக் குழு ஒன்றுக்குப் போனேன். மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தகரப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம், சேலைத் தலைப்பு மாதிரி இடுப்புத் துணி முனையில் முடிந்து வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். ஒரு பெண் எழுந்து, போன கூட்டத்தில் பெட்டிக்குள் எவ்வளவு இருந்தது என்று மனப்பாடமாகச் சொன்னாள். பிறகுதான் திறந்து, எல்லார் கண் முன்னாலும் சத்தமாக எண்ணினார்கள். சரியாக இருந்தது, கைதட்டல். இந்த முறை 1991ல் நைஜர் நாட்டில் தொடங்கியதாம். அதற்கு மறுவருஷம்தான் நம் ஊரில் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களைப் பேங்கோடு இணைக்க ஆரம்பித்தது. இவர்களுக்குப் பேங்கே கிடையாது, பெட்டிதான். கடனுக்கு மாதம் பத்து வட்டி என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த வட்டி வெளியே போவதில்லை, டிசம்பரில் பெட்டியை உடைத்துப் பங்கு பிரிக்கும்போது அவர்களுக்கே திரும்பிவிடுகிறது. அதில் உரம் வாங்கிவிடுகிறார்கள்.

அம்மாவும் இருபது வருஷமாகக் குழுவில் இருக்கிறாள் என்றேன். அவர்கள் முதலில் கேட்டது, "உன் அம்மா எப்போதாவது பணத்தைக் கட்டாமல் இருந்திருக்கிறாளா?" நீங்கள் டைபாய்டில் படுத்திருந்த மாதம் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அபராதம் எவ்வளவு என்று கேட்டு, ஐந்து ரூபாய் என்றதும் ஒரே சிரிப்பு.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சிமா என்று வெள்ளை மக்காச்சோள மாவில் களி கிண்டுகிறார்கள். நம் கேழ்வரகுக் களிக்குத் தம்பி மாதிரி இருக்கும், கையால் உருட்டிக் கீரையில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், ஆபீசில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

அம்மாவுடைய குழுவின் பழைய தீர்மான நோட்டு பரணில் இருக்கும். அதன் முதல் பக்கத்தைத் தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுத்து படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, கைரேகைகளைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் இந்தப் பெண்கள். அடுத்த கூட்டம் பிப்ரவரி முதல் வாரம், அதற்குள் வந்தால் நல்லது.

அப்புறம் அந்த 17 ரூபாய். கடைசியில் கிடைத்ததா? காசாளர் தம்பி இரண்டு தரம் கேட்டுவிட்டார். நான் உங்களிடம் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை போன் கைக்கு வந்தால், அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்